பழவேற்காட்டு ஆளி

அம்பத்தூர்க்காரர்களுக்குக் கடல் பக்கத்தில் இருந்தும் தூரம்தான். மெரினாவுக்குப் போக வேண்டுமென்றால் மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, வடக்கே புழல், ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். வீட்டுக்கு வந்த மீனும் அந்தத் தண்ணீருடையதே. விரால், கெண்டை, கெளுத்தி. இப்படி ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணீரின் ருசியைக் காட்டிய ஊர் பழவேற்காடு. அம்பத்தூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்த ஊரையும், அங்கே நான் முதன்முதலாகத் தின்ற ஆளிச் சிப்பியையும் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் அம்பத்தூர் சங்கு ஊதி எழுந்த ஊர். 1964ல் தொடங்கிய தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். டிஐ சைக்கிள் கம்பெனி ஷிப்ட் விட்டால் சாலை முழுக்க சைக்கிள்தான். டன்லப் பக்கம் போனால் ரப்பர் வாசனை, பாடிப் பக்கம் போனால் பிரிட்டானியாவின் பிஸ்கட் வாசனை. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் போனாலும் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சோதனை ஓட்டத்தில் டாங்கி உறுமும் சத்தத்தைப் பெருமையோடு சொல்வார்கள். வாரத்தில் ஆறு நாளும் இரும்போடும் எண்ணெயோடும் கிடந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பெரிய சொத்து. அன்றைக்குக் கறியோ மீனோ கட்டாயம் உண்டு. காசிமேட்டுச் சரக்கைக் கூடையில் சுமந்து ரயிலில் வரும் மீன்காரம்மாக்கள் தெருவில் குரல் கொடுப்பார்கள். சங்கராவும் வஞ்சிரமும் அவர்கள் கூடையில் வந்தவை. நண்டும் இறாலும் எப்போதாவது வரும். ஆளிச் சிப்பி மட்டும் எந்தக் கூடையிலும் வந்ததில்லை.

அந்தப் பெயரை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு மாமா. அவர் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து அப்படிப் போய்வந்தவர்கள் உண்டு. ஜப்பானியரின் வேலை ஒழுங்கு அவர்கள் வழியாகத்தான் எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குள் நுழைந்தது. பின்னாளில் பாடியின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியபோது, இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் தெருவுக்கு அது வீட்டுச் செய்தி போல இருந்தது.

மாமா ஜப்பானைப் பற்றிப் பேசினால் இயந்திரத்தில் ஆரம்பிப்பார், ஆனால் போய் முடிவது ஹிரோஷிமா கடற்கரையில். ஒரு விடுமுறை நாளில் அங்கே கூட்டிப் போயிருக்கிறார்கள். மலை நேராகக் கடலுக்குள் இறங்குமாம். கடலுக்குள்ளேயே சிவப்புத் தோரண வாயில் நிற்கும் மியாஜிமா தீவு. அலையில்லாத விரிகுடாவில் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஒவ்வொரு மிதவையிலிருந்தும் கம்பிகள் தண்ணீருக்குள் தொங்கும். அந்தக் கம்பிகளில்தான் ஆளி வளர்கிறது. ஜப்பானில் வளர்க்கப்படும் ஆளியில் பாதிக்கு மேல் அந்த ஒரு மாவட்டத்திலிருந்தே வருகிறது. குளிர்காலம் வந்துவிட்டால் குடும்பம் குடும்பமாகக் கரைக்குப் போய், கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஓட்டோடு சுட்டு, எலுமிச்சை பிழிந்து தின்பார்களாம்.

"அவங்க அதுக்குன்னே ரயில் ஏறி வர்றாங்க சார். நம்ம பழவேற்காட்டுல இது கல்லுல ஒட்டிக்கினு கெடக்குது, ஏன்னு கேக்க ஆளில்ல" என்று அப்பாவிடம் சொன்னார். அவருடைய அம்மா வழிச் சொந்தம் பொன்னேரி. அந்தத் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு குடும்பங்களையும் அவர்தான் கிளப்பினார்.

ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வழியாகப் பொன்னேரியில் இறங்க வேண்டும். நாங்கள் பஸ்ஸில் போனோம். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து கள்ளிக்குப்பம், சூரப்பட்டு வழியாகச் செங்குன்றம். அன்றைக்கு அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வயலும் தோப்பும் இருந்தன. செங்குன்றம் வந்துவிட்டது என்பதை அரிசி ஆலைகளின் அவித்த நெல் வாசனை சொல்லும். அங்கே பஸ் மாறினால் காரனோடைப் பாலம். கீழே கொசஸ்தலை ஆறு. தச்சூர்க் கூட்டுச் சாலையில் வலது பக்கம் திரும்பினால் பொன்னேரி. பொன்னேரிக்கு அப்பால் பூமி தட்டையாகப் படுத்துவிடும். பனைமரம், நெல்வயல், பிறகு வயல் குறைந்து வெளுத்த களர் நிலம், வேலிகாத்தான் புதர். காற்றில் உப்பு ஏறும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு உதட்டில் உப்புத் தட்டியதும் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்தது.

பழவேற்காடு நானூறு ஆண்டுக்கு முன்னால் சென்னையைவிடப் பெரிய பெயர். மெட்ராஸில் ஆங்கிலேயர் கோட்டை எழும்புவதற்கு முன்பே, 1613ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் வெகுகாலம் இதுதான். இங்கே நெய்த பூப்போட்ட, கட்டம்போட்ட துணிகள் தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போயின. அங்கிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் வந்தன. கோட்டைக்குள் வெடிமருந்து செய்தார்கள். 1825ல் ஊர் முழுதாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்றைக்குக் கோட்டை இருந்த இடம் மண்மேடும் புதரும். டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை காக்கிறது. அதன் வாசல் தூண்களில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைக் கண்டு அக்கா பயந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிவாசல் தெருவில் முஸ்லிம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். அம்மா மூடி போட்ட பெட்டி ஒன்று வாங்கினாள். எங்கள் வீட்டில் அது பல வருடம் வெற்றிலைப் பெட்டியாக இருந்தது.

ஊர் முடியும் இடத்தில் ஏரி தொடங்குகிறது. ஏரி என்று சொன்னாலும் அது காயல். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். தெற்கிலிருந்து ஆரணியாறும் வடக்கிலிருந்து காளங்கியும் சொர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டை மணல்மேடு கடலைத் தடுத்து நிற்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. ஊர்க்கோடியில் பக்கிங்காம் கால்வாய் காயலோடு கலக்கிறது.

அந்த ஏரியை முதலில் பார்த்தபோது அது எங்கள் அம்பத்தூர் ஏரி மாதிரி இல்லை. மறுகரை தெரியவில்லை. தண்ணீர் அசையாமல் வெளிறிய பச்சையில் கிடந்தது. நடு ஏரியில் ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு ஆழம் குறைவு. கழி ஊன்றித் தள்ளிய படகில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். வடக்கே தூரத்தில் தண்ணீர் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. படகு நெருங்கியதும் அந்தக் கோடு கால் முளைத்து நடந்தது. பூநாரைகள். தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்தபடி ஆயிரக்கணக்கில் நின்றன. அப்பா அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

படகுக்காரர் எங்களை ஒரு மேட்டுப் பக்கம் இறக்கினார். அங்கே பழைய கல்கட்டு ஒன்று இடிந்து தண்ணீருக்குள் சரிந்து கிடந்தது. ஏற்றத்தில் மூழ்கி, வற்றத்தில் வெளியே தெரியும் கற்கள். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பொருக்கு. குனிந்து பார்த்தேன். பொருக்கு முழுதும் சிப்பி. ஒன்றின் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று, இடமே இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. கல் எங்கே முடிகிறது, உயிர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு இருளரம்மா அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்தார். பழவேற்காட்டின் இருளர் பெண்கள் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதில் பேர்போனவர்கள். ஓலைப் பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்குள் தடவத் தடவ நகர்வார்கள். அன்று அந்தம்மா கையில் சின்ன இரும்புக் கம்பி இருந்தது. ஒட்டிய இடத்தில் கம்பியைக் கொடுத்து ஒரே நெம்பு. சிப்பி கையோடு வந்துவிடும். மாமா கேட்டதும் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாத்துப் புடி கண்ணு, ஓரம் அறுத்துடும்."

ஓரம் உடைந்த கண்ணாடியாகத்தான் இருந்தது. அடி ஓடு கிண்ணம் போலக் குழிந்தது, மேல் ஓடு தட்டை. வெளியே பார்த்தால் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, சேறும் பாசியும். பொருத்துவாயில் கத்தியை விட்டுத் திருகித் திறந்தார். உள்ளே பால்வெள்ளை. சதை ஓட்டைப் பிடித்திருந்த இடத்தில் மட்டும் கருநீலத்தில் ஒரு தழும்பு. நடுவே மங்கலான வெண்சதை தன் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது. சதையை விரலால் தொட்டபோது ஓரம் மெல்லச் சுருங்கியது. அதற்கு உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"மொகத்துவாரம் தொறந்திருந்தா இது சதை வெக்கும். மூடிக்கிச்சின்னா ஒண்ணுமில்ல, வெறும் ஓடுதான்" என்றார் அந்தம்மா. ஆளியைப் பற்றிப் பின்னாளில் நான் படித்த அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

வேலிகாத்தான் விறகை மூட்டி, நெருப்பு தணிந்த பிறகு தணலில் சிப்பிகளைக் குழிந்த பக்கம் கீழாக அடுக்கினார்கள். சற்று நேரத்தில் உள்ளிருந்து சீறும் சத்தம். ஓடு விரல் நுழையும் அளவு வாய் திறந்தது. உள்ளே இருந்த உப்புத் தண்ணீர் கொதித்து, சதை தன் சாற்றிலேயே வெந்தது. மாமா எலுமிச்சையும் மிளகுத்தூளும் கையோடு கொண்டுவந்திருந்தார். முதல் சிப்பி அப்பாவுக்கு, அடுத்தது எனக்கு. கடலின் உப்பு முதலில், பிறகு ஒரு தித்திப்பு, கடைசியில் தொண்டையில் தங்கும் இரும்புச் சுவை. மீனின் ருசி இல்லை, இறாலின் ருசியும் இல்லை. அந்த ஏரியையே சூடாக்கி வாயில் வைத்தது போல இருந்தது. அம்மா சுட்டதைத் தொடவில்லை. மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே, படகுக்காரர் வீட்டில் சட்டி வாங்கி, சின்ன வெங்காயமும் பூண்டும் கறிவேப்பிலையும் போட்டு மிளகில் சுருள வதக்கினாள். அதைச் சோற்றில் பிசைந்து அவளே முதலில் சாப்பிட்டாள். கழி நண்டும் மடவை மீனும் அன்றைய இலையில் இருந்தும் எல்லோர் கையும் அந்தச் சட்டிக்கே போனது.

"அங்க தின்னதுக்கு இது ஒரு படி மேல சார்" என்றார் மாமா. ஹிரோஷிமாவைக் கண்டவர் சொன்ன சொல் அது.

பிறகு நாங்கள் பல தடவை போனோம். பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போன பிறகும் நண்பர்களோடு போனேன். அப்படிப் போய்வந்த காலத்தில்தான் இந்தச் சிப்பியின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜப்பானையும் பழவேற்காட்டையும் முதலில் முடிச்சுப்போட்டவர் எங்கள் மாமா அல்லர் என்பது அப்போது தெரிந்தது. நூறாண்டுக்கு முன்பே அதைச் செய்தவர்கள் இருந்தார்கள்.

பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி. விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து மீட்கக் கூட்டுறவுதான் வழி என்று 1890களில் மெட்ராஸ் அரசுக்கு அறிக்கை கொடுத்தவர். அதன் தொடர்ச்சியாக 1904ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் ஒன்றாகத் திரூர் சங்கம் பதிவானது. ஆவடி தாண்டித் திருவள்ளூர் போகும் எங்கள் ரயில் பாதையில் செவ்வாப்பேட்டைப் பக்கத்து ஊர் அது. இதே நிக்கல்சன்தான் மெட்ராஸ் மாகாணத்தின் மீன்வளத் துறைக்கும் அடித்தளம் போட்டவர். மீனவர் தொழிலை எப்படி மேம்படுத்துவது என்று அறிய ஜப்பானுக்குப் போய்வந்து, அந்நாட்டு மீன்பிடித் தொழிலைப் பற்றி 1907ல் ஒரு நீண்ட குறிப்பை வெளியிட்டார்.

அவரோடு பணியாற்ற வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இலங்கையின் முத்துச் சிப்பிகளை ஆராய்ந்துவிட்டு இங்கே வந்த விலங்கியலாளர். நம் கட்டுமரங்களையும் படகுகளையும் அவரைப் போல் ஊன்றிக் கவனித்த வெளிநாட்டவர் குறைவு. ஹார்னெல் 1910வாக்கில் பழவேற்காட்டுக் காயலில் ஆளிப் பண்ணை ஒன்றை அமைத்தார். இந்தியாவில் உணவுக்காக ஆளி வளர்க்க நடந்த முன்னோடி முயற்சி என்று மீன்வள ஆய்வாளர்கள் இன்றைக்கும் குறிப்பிடுவது அதைத்தான். காயலில் ஆளி எப்போது முட்டையிடுகிறது, அதைத் தூண்டுவது எது என்றும் ஆராய்ந்து எழுதினார். 1916ல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டபோது அதில் மெட்ராஸும் இடம்பெற்றது. பின்னாளில் அது கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ் என்று வழங்கியது.

ஆளியின் வாழ்க்கை எளிமையானது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் மிதக்கும். பிறகு கல்லோ, ஓடோ, கழியோ கெட்டியான ஒன்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம்தான் அதன் ஆயுள் முழுவதற்கும் வீடு. அங்கிருந்தபடியே மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசியைத் தின்று, மீதியைத் தெளிவாக வெளியே விடும். தீவனம் வைக்க வேண்டாம், உரம் போட வேண்டாம். அதற்கு வேண்டியது ஒன்றுதான், தண்ணீரில் உப்பின் அளவு. கடல்நீரின் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். முகத்துவாரம் திறந்து கடல் போய்வந்தால் காயலின் உப்பு அளவோடு இருக்கும். மணல் மேடிட்டு வாய் மூடிவிட்டால், மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் தேங்கி உப்பே இல்லாமல் போகும், கோடையில் தண்ணீர் ஆவியாகி உப்பு கடலைவிட மிஞ்சும். இடம்பெயரத் தெரிந்த மீன் தப்பித்துவிடும். ஒட்டிய இடத்திலேயே இருக்கும் ஆளி செத்துப்போகும். இருளரம்மா சொன்ன வெறும் ஓடு அதுதான்.

அந்த ஓட்டுக்கும் நம் ஊரில் பெரிய கதை உண்டு. காயலின் அடியில் காலம் காலமாகப் படிந்த சிப்பி ஓடுகளைத் தோண்டி எடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வெள்ளைக்காரப் பயணிகள் வியந்து எழுதிய, பளிங்கு போலப் பளபளத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு இந்தக் கரையின் கிளிஞ்சலை நம்பித்தான் இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் விறகோடும் உப்போடும் கிளிஞ்சலும் படகேறிப் பட்டணம் போனது. சதையை ஹிரோஷிமாக்காரர்கள் கொண்டாடினார்கள். நாம் ஓட்டை எடுத்துச் சுவருக்குப் பூசினோம், சதையைப் பெரிதாக எண்ணவில்லை. நூறாண்டுக்கு முன் ஹார்னெல் தொடங்கியது பழவேற்காட்டில் வேர்பிடிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுட்டுத் தின்ன ஆள் இல்லாத இடத்தில் பண்ணை நிற்காது.

வேறு இடங்களில் அது வேர்பிடித்தது. 1970களில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆளி வளர்ப்பைக் கையில் எடுத்தது. சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளில் குஞ்சுகளை ஒட்டவைத்து, தட்டுகளில் வைத்து வளர்த்து, ஓராண்டில் அறுவடை செய்யலாம் என்று செய்து காட்டினார்கள். பின்னர் கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் மற்றக் காயல்களிலும் பெண்கள் குழுக்கள் அதைத் தொழிலாகவே செய்யத் தொடங்கின. கழிகளை நட்டு, அவற்றில் கயிறு கட்டி, கயிற்றில் காலி ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டால் போதும். அதே அஷ்டமுடியின் இன்னொரு சிப்பியான மட்டிக்கு 2014ல் நீடித்த மீன்வளத்துக்கான உலகச் சான்று கிடைத்தது, இந்தியாவில் முதலாவதாக. நம் பெயர் தாங்கிய ஆளியை வளர்க்கும் கலை நம் வாசலில் தொடங்கி, அடுத்த வீட்டில் செழித்திருக்கிறது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் அறிவும் ஒழுங்கும் இல்லாமல் இல்லை. பாடு என்று ஒரு முறை அங்கே தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் பட்டினவ மீனவர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களைத் தங்களுக்குள் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்து வலை கட்டுவார்கள். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. ஏரி தாங்கும் அளவுக்குத்தான் பிடிப்பு. தாங்கள் நம்பி வாழும் தண்ணீரைத் தாங்களே காக்கும் இந்த ஏற்பாட்டுக்குள் எல்லோருக்கும் சம இடம் இல்லை, கையால் இறால் பிடிக்கும் இருளர்கள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். இருந்தாலும் நீருக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று புரிந்துகொண்ட ஊர் அது.

கெடுதல் வந்தது வெளியிலிருந்து. தெற்கே அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல், பிறகு 2001ல் எண்ணூர்த் துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம். கடலுக்குள் கல்சுவர் நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. வடக்கே இருப்பது பழவேற்காடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்க வேண்டாம் என்று அந்த மீனவர்கள் விடாமல் போராடுவது இதனால்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களின் படங்களைப் பார்த்தோம். அந்த நீரிலும் கல்லில் ஒட்டிய சிப்பிகள் இருந்தன. அவை எங்கே ஓட முடியும்?

எங்கள் பக்கமும் மாறிவிட்டது. சூரப்பட்டுச் சாலையில் வயல் இல்லை, அடுக்குமாடிகள். டன்லப்பின் ரப்பர் வாசனை போய்விட்டது. தொழிற்பேட்டையின் பல பட்டறைகள் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடங்களில் கணினி வேலை நடக்கிறது. அம்பத்தூர் ஏரியில் ஆகாயத்தாமரை. மாமா காலமாகிவிட்டார். ஆனால் பழவேற்காட்டுக்குப் போகும் கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஞாயிறு காலையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து காரும் பைக்கும் பொன்னேரிச் சாலையில் வரிசையாகப் போகின்றன. நண்டு வறுவல், இறால் தொக்கு என்று கரையோரக் கடைகள். இந்த ஆர்வம் நல்லது. தின்னப் போகிறவன்தான் அந்தத் தண்ணீர் கெட்டால் முதலில் கேள்வி கேட்பான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை, மாசியில் போங்கள், பூநாரைகள் இருக்கும். படகுக்குப் பாதுகாப்பும் அனுமதியும் இல்லையென்றால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை அந்த ஊர் மறக்கவில்லை, நாமும் மறக்கக் கூடாது. நண்டையும் இறாலையும் பிடித்தவர் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். சேற்றில் கைவிட்டு எடுத்த பொருள் அது. ஓலைப்பெட்டி முடையும் பெண்களிடம் ஒன்றாவது வாங்குங்கள். ஆளி கிடைத்தால் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். தண்ணீரைச் சலித்து வாழும் உயிர், தண்ணீரில் இருப்பதையெல்லாம் தன்னுள் வைத்திருக்கும். நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். முகத்துவாரத்தை ஆண்டு முழுதும் திறந்து வையுங்கள். தற்காலிகமாக மணலை வாரிக் கொட்டி, அடுத்த வருடம் மறுபடி வாருவது போதாது. மணல் நகர்வைக் கெடுக்கும் எந்தக் கட்டுமானத்தையும் அதன் தெற்கே இனி அனுமதிக்காதீர்கள். தூத்துக்குடியில் வளர்த்துக் காட்டிய முறையை, அறுவடை செய்த ஆளியைச் சுத்தமான கடல்நீரில் வைத்துத் தூய்மைப்படுத்தும் வசதியோடு, பழவேற்காட்டு இருளர் பெண்களுக்கும் மீனவப் பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஏரியின் ஒரு மூலையை அவர்கள் பெயருக்கே எழுதிக் கொடுங்கள். நிக்கல்சன் சொன்ன கூட்டுறவு முதலில் வேர்விட்ட மாவட்டங்களில் ஒன்று இது. ஹார்னெல் பண்ணை போட்ட ஏரி இது. வேண்டியவை எல்லாம் இந்த மண்ணிலேயே இருக்கின்றன.

ஜப்பானியர்கள் தங்கள் விரிகுடாவின் தண்ணீரைக் காப்பதற்கு ஒரு காரணம், அதிலிருந்து வருவதைத் தங்கள் தட்டில் வைத்துத் தின்பதுதான் என்று நினைக்கிறேன். நம் தட்டுக்கும் பழவேற்காட்டுத் தண்ணீருக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டாக வேண்டும். அந்தக் காயலில் ஆளி சதை பிடித்தால் ஏரி உயிரோடு இருக்கிறது என்று பொருள். வெறும் ஓடாகிவிட்டால் அடுத்து இறாலும் நண்டும் மடவையும் போகும், அவற்றை நம்பிய ஊர்களும் போகும். அதற்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டியது முகத்துவாரம் மட்டுமல்ல, அந்தக் கரையில் ஒரு முறையேனும் சாப்பிட்ட நாம் எல்லோரும்தான்.